சித்தெ தாங்கிப் புடி

வண்டி மேல எந்தக் குத்தமும் இல்லைங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். நீங்க வர்ற வழியில டீக்கடையில நிறுத்தி விசாரிச்சிருப்பீங்க. வெள்ளியங்கிரி ஊட்டுக் கேரவனா, அது ராசியில்லாத வண்டியாச்சே, ஒரு பையனோட தோளை முறிச்ச வண்டியாச்சேன்னு சொல்லியிருப்பாங்க. சொல்லட்டும். ரிசார்ட்டுல நிறுத்தறதுக்கு வேணும்னு ஃபோன்ல சொன்னீங்க. அங்க எதுக்குங்க ராசி? ஏசி ஓடுது, கண்ணாடி கீறலில்லாம இருக்குது, கக்கூஸ் பளபளன்னு இருக்குது. அந்தச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க தம்பி. பொழுது சாயறதுக்குள்ள எல்லாத்தையும் காட்டிடறேன். ஆனா நான் ஏன் விக்கறேன்னு தெரிஞ்சுக்காம நீங்க வாங்கப்படாது.

மனுசங்க மேலதாங்க குத்தம். பெத்த புள்ளை மேல குத்தம்.

எனக்கு அப்போ தேங்காய் லோடு அடிக்கற டிராக்டர் ஓடிட்டிருந்துது. எங்க ஆனமலைப் பக்கம் சினிமாக்காரங்க வராத மாசமில்லை. ஆனா பஸ் மாதிரி பெரிய கேரவன் தோப்புக்குள்ள நொழையாது, வாய்க்கா மேட்டுல திரும்பாது. நடிகைங்க ரோட்டுல எறங்கி, சீலையத் தூக்கிப் புடிச்சுட்டு வரப்புல தடுமாறித் தடுமாறி வருவாங்க. அதைப் பாத்துட்டுத்தான் எனக்கு யோசனை வந்துது. டிராக்டருக்குப் பின்னால மாட்டி இழுக்கற மாதிரி ஒரு கேரவன் கட்டினா என்னன்னு. கோயமுத்தூர்ல பாடி கட்டற பட்டறையில குடுத்துக் கட்டினேன். தோப்புன்னு இல்லை, மலையடிவாரம் வரைக்கும் போயிரும். ரெண்டு வருசம் இந்த வட்டாரத்துல என் வண்டி இல்லாம ஒரு படம் எடுத்ததில்லைங்க.

கேரவன்னா என்னன்னு நெனைக்கறீங்க? ஏசியா? மேக்கப் கண்ணாடியா? இல்லைங்க. கேரவன்னா டேங்க். ஏசி நின்னா அவங்க விசிறிக்குவாங்க. டேங்க் ரொம்பி வாசம் வந்துதுன்னா ஷூட்டிங்கே நின்னுபோகும். வண்டிக்கு அடியில ரெண்டு இரும்புப் பட்டை போட்டு அதுல டேங்கைத் தொங்க விட்டிருப்பாங்க. மேல கக்கூஸ்ல போறதெல்லாம் அதுல வந்து சேரும். ஊட்டுக் கக்கூஸ்னா குழி பூமிக்குள்ள இருக்குது, பூமி தாங்கிக்குது. இதுல பட்டைதான் தாங்கணும். வண்டி மேட்டுப் பள்ளத்துல குலுங்கக் குலுங்க, உள்ள இருக்கறது அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் முட்டும். அப்பப்போ கொண்டுபோய்த் தொறந்து விடணும், கழுவணும், மருந்து ஊத்தணும், அடியில படுத்துப் பட்டையப் பாக்கணும். இதுக்கு ஆள் நிக்கலைங்க. வந்தவன் எல்லாம் ஒரு வாரத்துல சொல்லாம ஓடிப்போயிருவான்.

அந்த நேரத்துலதான் எம் பொண்ணு தாரணி கல்யாணம் பண்ணிட்டு வந்து நின்னா. ரிஜிஸ்டர் ஆபீசுல. பையன் பேரு சுரேந்திரன். டிப்ளமோ படிச்சுட்டு, கோயமுத்தூர்ல மோட்டார் பம்பு கம்பெனியில செக்கிங் செக்சன்ல வேலை. யாரு, எந்த ஊரு, என்ன ஆளுகன்னு நீங்க கேக்கமாட்டீங்க. நானும் கேக்கலை. கேக்காமயே தெரிஞ்சுபோச்சு, அது வேற.

பங்காளிங்க எல்லாம் ஒட்டுக்கா வந்து உக்காந்தாங்க. தலை முழுகிரு, இல்லாட்டி எங்க ஊட்டு நல்லது கெட்டதுக்கு வராதேன்னு சொன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? எம் புள்ளை எனக்கு வேணும்னு சொன்னேன். இந்த ஊருல எவன் சொல்லுவான்? அவனவன் அருவாளத் தேடியிருப்பான். நான் கூட்டிட்டு வந்து, தோட்டத்துல மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல ஒரு ரூமை வெள்ளையடிச்சு, அதுல குடி வெச்சேன். அதுக்கு ஒரு பெரிய மனசு வேணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

பையங்கிட்ட, கம்பெனிய விட்டுரு தம்பி, நம்ம ஊட்டுலயே தொழில் இருக்கறப்போ எதுக்கு இன்னொருத்தங்கிட்டக் கைகட்டிட்டு நிக்கறேன்னு கேட்டேன். அவன் தயங்கினான். தாரணிதான், அப்பா இவ்வளவு தூரம் எறங்கி வந்திருக்காரு, போலாம்னு சொன்னாளாம். சரின்னு வந்தான். வந்தவனுக்கு என்ன வேலை குடுக்கறது? கணக்கு வழக்கை எங்க மச்சினன் பாக்கறான். டிராக்டருக்கு டிரைவர் இருக்கான். சினிமாக்காரங்ககிட்டப் பேசறதுக்கு நான் இருக்கேன். மிச்சம் என்னங்க இருக்குது? டேங்க்தான் இருக்குது.

அவங்கப்பா முனிசிபாலிட்டியில வேலைன்னு வேற சொன்னாங்க. சரி, பழகின குடும்பமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். பின்னால விசாரிச்சா, அவரு தண்ணி வரி வசூல் பண்ற பில் கலெக்டராம். இருக்கட்டுமே. அதுக்குள்ள பையன் வேலையக் கத்துட்டான், இனி எதுக்கு மாத்தறதுன்னு விட்டுட்டேன்.

வேலையில குத்தம் சொல்லமாட்டேன். பொய் சொல்லப்படாது. வெடியால நாங்க கெளம்பறதுக்கு முன்னாலயே டேங்குல தண்ணியும் மருந்தும் ஊத்தி வெச்சிருப்பான். காலி டேங்கோட போனா எல்லாம் அடியில காஞ்சு ஒட்டிக்கும்னு சொல்லுவான். பொழுதோட ஓஸ் பைப்பு மாட்டித் தொறந்துவிட்டு, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் அலசிட்டுத்தான் நகருவான். ஒரு நாள் வாசம் வந்ததில்லைங்க. ஷூட்டிங் மேனேஜர் பாபு, யாரு சார் இந்தப் பையன், இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான்னு கேட்டாரு. நம்ம டேங்க் பையன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? ஸ்பாட்டுல ஒறவு மொறையெல்லாம் பேசிட்டிருக்க முடியுமா? அவனையும், இங்க மாமான்னு கூப்பிடாதே, ஓனர்னு கூப்பிடுன்னு சொல்லியிருந்தேன். தொழில் மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லைங்க.

ஊட்டுலயும் அப்படித்தான். டேங்கைத் தொட்டுட்டு வர்றான். நேரா அடுப்படிக்கு வர முடியுமா? எங்க ஊட்டம்மா சுத்தம் பாக்கறவ. வெளியவே குளிச்சுட்டு, சாப்பாட்டையும் மோட்டார் ரூமுலயே சாப்பிட்டுக்கோன்னு தட்டை அங்க அனுப்பிட்டா. வேலையில்லாத நாள்லயும் அங்கதான் சாப்பிட்டான். அது பழக்கமாயிடுச்சுங்க, அவ்வளவுதான். இதைத் தாரணி மனசுல வெச்சுட்டா. ஒரு நாள் தன்னோட தட்டையும் எடுத்துட்டு அங்க போயிட்டா. அதுக்கப்பறம் ஒரு வேளைகூட எங்களோட ஒக்காந்து சாப்பிடலை. வீம்பு. அவங்கம்மா அழுதா. நான், விடு, வயசுக் கொழுப்புன்னு சொன்னேன்.

இனி அந்தப் பட்டை சமாச்சாரம். அதைத்தான் டீக்கடையில பேசுவாங்க.

ஒரு நாள் அடியில இருந்து எந்திரிச்சு வந்து, மாமா, பட்டை ரெண்டும் தேஞ்சுபோச்சு, போல்ட் ஓட்டையெல்லாம் பெருசாயிடுச்சு, டேங்க் ரொம்பினா இது தாங்காது, இரும்பு ஆங்கிள் வெச்சுத் தொட்டில் மாதிரி ஒண்ணு வெல்டிங்குல பத்த வெச்சு, அதுல டேங்கை உக்கார வெக்கணும்னு சொன்னான். சரி, இந்தப் படம் முடியட்டும்னு சொன்னேன். அந்தப் படம் முடிஞ்சு இன்னொரு படம் வந்துது. மறுக்காவும் சொன்னான். எங்க மச்சினனை வெச்சுட்டுச் சொன்னான். எனக்குக் கோவம் வந்திருச்சு. வண்டியக் கட்டினவன் நான், எனக்கே சொல்றியா, உன் வேலை டேங்கைக் கழுவறது, அதைப் பாருன்னு சொன்னேன். அவன் போய், லாரியில கட்டற பெல்ட்டு ஒண்ணு வாங்கிட்டு வந்து, பட்டையோட சேர்த்து இறுக்கிக் கட்டினான். டேங்க் பாதி ஆகறப்பவே கொண்டுபோய் காலி பண்ணிட்டு வந்தான். அப்படியே ஓட்டிட்டிருந்தான்.

அப்பறம் சேத்துமடைப் பக்கம் ஒரு தோப்புல பெரிய கம்பெனி படம். பெரிய டைரக்டர். பேசறதை அங்கேயே ரெக்கார்டு பண்ணுவாரு, அதனால ஷாட் போறப்போ ஒரு சத்தம் வரப்படாது. டிராக்டர் எஞ்சினெல்லாம் மூச்சு விடப்படாது. முந்தின ராத்திரி வெகு நேரம் ஷூட்டிங் ஓடினதுல டேங்கைக் காலி பண்ண முடியலை. அன்னைக்கு வெடியால, டேங்க் ரொம்பியிருக்குது, கொண்டுபோய் காலி பண்ணிட்டு வந்துரட்டுமான்னு கேட்டான். ஈரோயினி வந்து உள்ள உக்காந்தாச்சு. அந்தப் பொண்ணை எறங்குன்னு சொல்ல முடியுமா? மத்தியானச் சாப்பாட்டுல பாத்துக்கலாம்னு சொன்னேன்.

மத்தியானத்துக்கு முன்னாலயே ஒரு பக்கத்துப் பட்டை விட்டுப்போச்சு.

டமார்னு விழுகலைங்க. டொக்குன்னு ஒரு சத்தம், எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. அக்கட்டால ஷாட் ஓடிட்டிருக்குது, ஈரோ அழுதுட்டிருக்காரு. திரும்பிப் பாத்தா, சுரேந்திரன் வண்டிக்கடியில பூந்துட்டான். டேங்க் ஒரு பக்கம் சாஞ்சு, குழாயெல்லாம் முறுக்கிட்டு நிக்குது. இவன் நாலு காலுல நின்னு, முதுகையும் தோளையும் குடுத்து முட்டுக் குடுத்துட்டிருக்கான். அவன் மூஞ்சி எனக்குத் தெரியலை. நான் குனியலை, குனிஞ்சா எல்லாரும் பாப்பாங்க. சத்தமில்லாமச் சொன்னான்.

"மாமா, ஜாக்கி கொண்டாங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணை எறக்குங்க. என்னால ரொம்ப நேரம் முடியாது."

ஜாக்கி டிராக்டர்ல இருக்குது. டிராக்டர் ரோட்டோரம் நிக்குது. ஓடிப்போய் எடுத்துட்டு வந்து, தட்டி முட்டினா சத்தம் வரும். அந்தப் பொண்ணை எறக்கினா, எதுக்குன்னு பாபு கேப்பாரு. கேட்டா, இந்த வண்டி இனி வேண்டாம்னு அன்னைக்கே அனுப்பிருவாரு. நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க. ரெண்டு வருசமாச் சேர்த்த பேருங்க.

"சித்தெ தாங்கிப் புடி, ஷாட் முடியட்டும்"னு சொன்னேன்.

புடிச்சான். நான் ஒரு சேரை எடுத்து வண்டிக்கு ஆளுக இருக்கற பக்கம் போட்டு, அவனை மறைச்சுட்டு உக்காந்தேன். ஒரு டேக்குன்னு நெனச்சேன். டைரக்டருக்குத் திருப்தியில்லை, ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர்னு போய்ட்டே இருக்குது. நடுவுல மேல கக்கூஸ்ல தண்ணி போற சத்தம் கேட்டுச்சு. அடியில அவன் முனகினான். நான் பொட்டாட்ட இரு, சத்தம் போடாதேன்னு சொன்னேன். எனக்கும் வேர்த்துக் கொட்டுச்சுங்க. யாரும் என்னை நெனச்சுப் பாக்கமாட்டேங்கறாங்க.

அந்த நேரத்துக்குத்தான் தாரணி சாப்பாட்டுத் தூக்கோட வர்றா. நான் கைய ஆட்டி, அப்படியே நில்லுன்னு சொல்றேன். அவ கிட்ட வந்துட்டா.

"அவரு எங்க, அப்பா?"

"வேலையா இருக்கான். அக்கட்டால போ."

அவ சக்கரத்துக்கிட்ட அவனோட செருப்பைப் பாத்துட்டா. தூக்கைக் கீழ வெச்சுட்டு மண்டி போட்டுக் குனிஞ்சா. அடுத்த நிமிசம் அவளும் உள்ள பூந்துட்டா. உள்ள அவங்க என்ன பேசிக்கிட்டாங்கன்னு தெரியலை. அப்பறம் அங்கிருந்தே ஒரு சத்தம் போட்டா பாருங்க. தோப்பே அதிர்ந்துச்சு. யாராச்சும் வாங்க, இவரு செத்துருவாருன்னு.

ஷாட் கெட்டுப்போச்சு. எல்லாரும் ஓடி வந்தாங்க. லைட் தூக்கற பசங்க கட்டையும் பெட்டியும் கொண்டாந்து முட்டுக் குடுக்கப் பாத்தாங்க. அதுக்குள்ள இந்தப் பக்கத்துப் பட்டையும் பெல்ட்டும் விட்டுப்போய், டேங்க் அவன் தோள் மேல எறங்கிருச்சு. குழாய் பிச்சுக்கிச்சு. உள்ள இருந்ததெல்லாம் அவன் மேலயும் எம் பொண்ணு மேலயும். நான் அதைச் சொல்ல வேண்டாம்.

லைட்டுப் பசங்கதான் இழுத்து வெளிய போட்டாங்க. யாரும் மூக்கைப் பொத்தலைங்க, அதையும் சொல்லோணும். ஈரோயினிப் பொண்ணு எறங்கி வந்து, தன்னோட குடிக்கற தண்ணியை ஊத்தி அவன் மூஞ்சியக் கழுவி விட்டுச்சு. அவனுக்கு வலது கை தொங்கிப்போச்சு.

டைரக்டர் என்னைப் பாத்தாரு. நான் போய்க் கும்பிட்டேன். மன்னிக்கோணுங்க சார், பையன் பட்டையச் சரியாப் பாக்கலை, கவனக்குறைவுன்னு சொன்னேன். ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தானே ஆகோணும். யாருங்க அந்தப் பையன்னு கேட்டாரு. நம்ம டேங்க் பையன்னு சொன்னேன்.

தாரணி எந்திரிச்சா. தலையில இருந்து கால் வரைக்கும் அப்படியே. மூஞ்சியக் கூடத் தொடைக்கலை. நேரா டைரக்டர்கிட்ட வந்து நின்னா.

"அவரு எங்க ஊட்டுக்காரருங்க. இவருக்கு மாப்பிள்ளை. இவரு எங்கப்பா. பட்டை போகும்னு அவரு எத்தனையோ தடவை சொன்னாரு. இன்னைக்கும் சொன்னாரு."

கத்தலை. சாதாரணமாச் சொன்னா. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. பாபு பாத்தாரு, டிரைவர் பாத்தான், சோறு வடிக்கறவன் கரண்டியோட நின்னு பாத்தான். எங்கூரு ஆளுக ரெண்டு பேரு கூட்டத்துல நடிக்க வந்திருந்தாங்க, அவங்களும் பாத்தாங்க.

அதைத்தாங்க என்னால தாங்க முடியலை. டேங்க் விழுந்ததை விடுங்க. இரும்பு, விழுகத்தான் செய்யும். அத்தனை பேருக்கு நடுவுல, பெத்த அப்பனை, அந்தக் கோலத்துல நின்னுட்டுச் சொல்லோணுமா? ஊட்டுக்கு வந்து கேட்டிருக்கலாமில்லை? தனியாக் கேட்டிருந்தா நான் பதில் சொல்லியிருக்கமாட்டேனா?

கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியிலதான் சேர்த்தேன். நான் ஒண்ணும் கைவிட்டுரலை. தோள்பட்டை எலும்பு நொறுங்கிப்போச்சு, பிளேட் வெச்சாங்க. கை இடுப்புக்கு மேல தூக்க வராது. அங்கிருந்து ரெண்டு பேரும் நேரா சுரேந்திரனோட அப்பா ஊட்டுக்குப் போயிட்டாங்க. துணிமணி எடுக்கக்கூட வரலை. பழைய கம்பெனியில கூப்பிட்டு வேலை குடுத்திருக்காங்க, உக்காந்து பாக்கற வேலை. அதுக்கப்பறம் என் வண்டிய எவனும் கூப்பிடலை. எங்கூருல மாப்பிள்ளைய டேங்குக்கடியில விட்டவன்னு பேரு. தலை முழுகிருன்னு சொன்ன பங்காளிங்களே அதைச் சொல்லிச் சிரிக்கறாங்க. இது எந்த ஊரு நாயம்?

பொறவு ஒரு நாள் நான் போனேன். பேத்தி பொறந்திருக்குதுன்னு யாரோ சொன்னாங்க. அவங்க யாரும் சொல்லலை. இருந்தாலும் போனேன். எறங்கிப் போறது எப்பவும் நான்தான்.

அந்தப் பில் கலெக்டரு வாசலுக்கே வந்து, வாங்க சம்பந்தின்னு கூப்பிட்டாரு. உள்ள கூட்டிட்டுப் போய், ஃபேனைப் போட்டு உக்கார வெச்சாரு. சுரேந்திரன் வந்து, நல்லா இருக்கீங்களா மாமான்னு கேட்டான். கையி அப்படியே தொங்கிட்டிருக்குது. வண்டி ஓடுதுங்களான்னு கேட்டான். சும்மாதான் நிக்குதுன்னு சொன்னேன். இனி யாரு கையில குடுத்தாலும் ஆங்கிள் போட்டுக் குடுத்துருங்க மாமான்னு சொன்னான். நானும் வந்து போட்டுட்டேன். நீங்க குனிஞ்சு பாத்துக்கலாம், யானையே உக்கார்ற மாதிரித் தொட்டில். வெல்டிங் பட்டறையில விட்டேன், டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுட்டான். அவ்வளவுதானா வேலைன்னு கேட்டேன். அவ்வளவுதாங்க கவுண்டரேன்னு சொன்னான்.

அந்த ஊட்டம்மா காப்பி கொண்டாந்து வெச்சாங்க. நல்ல எவர்சில்வர் டம்ளர், நொரையோட. நான் பொதுவா வெளிய காப்பி குடிக்கறதில்லைங்க. ஒடம்புக்கு ஒத்துக்காது. டீக்கடையில குடிக்கறது வேற, அது பழக்கம். இருக்கட்டும், இருக்கட்டும்னு சொல்லிட்டுப் பேசிட்டிருந்தேன். பில் கலெக்டரு ஆறிப்போகுது, எடுத்துக்குங்கன்னு ஒரு தடவை சொன்னாரு. அப்பறம் சொல்லலை. காப்பி மேல ஆடை கட்டிருச்சு.

தாரணி உள்ள இருந்து வந்தா. என்னைப் பாக்கலை. அந்த டம்ளரைப் பாத்தா. சித்தெ நேரம் பாத்துட்டே நின்னா. அப்பறம் எடுத்துட்டுப் போய், பொறக்கடையில கொட்டிட்டு வந்தா.

"அப்பா, நீங்க கெளம்புங்க."

"பேத்தியப் பாத்துட்டுப் போறேன் அம்மிணி."

"கொழந்தை தூங்குது."

உள்ள ரூமுல கொழந்தை அழுகற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுதுங்க. அவளுக்கும் கேட்டுது. என்னைப் பாத்துட்டே அந்த ரூம் கதவைச் சாத்தினா.

ஒரு டம்ளர் காப்பிக்குங்க. பெத்தவனைப் பேத்தி மூஞ்சியப் பாக்க விடலை. இந்தக் கல்லு மனசு அவளுக்கு யாருகிட்ட இருந்துதான் வந்துதோ தெரியலை தம்பி. எங்க வம்சத்துல அப்படி யாருமே இல்லைங்க.